ரெண்டு பேர், ஒரு கிட்டார்: கஃபேல பாடப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒருத்தர் கிட்டார் வாசிக்க, ஒருத்தர் பாட, நாலு பேர் கேட்டா போதும்னு ஆசை. நல்ல ஆசைதான், யாரு வேண்டாம்னா? ஜொகூர் பாருவில் ஜாலான் தான் ஹியோக் நீயில இருந்து மவுண்ட் ஆஸ்டின் வரைக்கும், அந்தப் பக்கம் ஸ்கூடாய், கூலாய், மாசாய் வரைக்கும் ஒரு மூலையில ரெண்டு ஸ்டூல் போட இடம் உள்ள கடைங்க நிறையவே இருக்கு.

ஆனா ஒண்ணை முதல்ல மண்டையில ஏத்திக்கோங்க. அங்க வந்திருக்கறவங்க உங்க பாட்டைக் கேக்க டிக்கெட் வாங்கி வரலை. சாப்பிட வந்திருக்காங்க, பேச வந்திருக்காங்க. கடைக்காரர் உங்களை மறுபடி கூப்பிடுறது குரலை மட்டும் பார்த்து இல்லை. "இந்தப் பிள்ளைங்களால தலைவலி இல்ல"ன்னு அவர் மனசுல விழணும். குரல் சுமாரா இருந்தும் மாசாமாசம் பாடுறவங்க இருக்காங்க. குயில் மாதிரி பாடியும் ஒரே நாளோட ஓரங்கட்டப்பட்டவங்களும் இருக்காங்க. கீழ சொல்றது எல்லாமே அந்தத் தலைவலியைக் குறைக்கத்தான். உங்களுக்கு நேரம் இல்லைன்னு தெரியும். நேரா விஷயத்துக்கு வரேன்.

கடைக்காரர்கிட்ட பேசும்போது

1. வாய்ப்பேச்சை நம்பாதீங்க. "வாங்க தம்பி, பார்த்துக்கலாம்"னு தவுக்கே தோளைத் தட்டினதும் கிட்டாரைத் தூக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்க. அதுல ஆறு விஷயம் இருக்கணும்: என்ன தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை செட், எவ்வளவு காசு, அன்னைக்கே கையில தருவாங்களா, ஸ்பீக்கரும் மைக்கும் யாரோடது. அவர் "ஓகே"ன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். பின்னாடி மனஸ்தாபமே வராது.

2. சாப்பாடு சம்பளம் ஆகாது. ஓப்பன் மைக் ராத்திரின்னா பழகுறதுக்காகச் சும்மா போய்ப் பாடலாம், தப்பில்லை. கடையே கூப்பிட்டு ரெண்டு மணி நேரம் பாடச் சொன்னா அது வேலை. பெட்ரோல், டோல், கிட்டார் கம்பி எல்லாம் உங்க பையில இருந்துதானே போகுது? நாசி லெமாக்கும் தே தாரிக்கும் போட்டுட்டு "அதான் சாப்பிட்டீங்களே"ன்னா, சிரிச்சுக்கிட்டே "இவ்வளவு வெள்ளி எதிர்பார்க்கிறோம் அண்ணே"ன்னு சொல்லப் பழகுங்க. டிப்ஸ் பெட்டியோ டூயிட்நவ் கியூஆர் அட்டையோ வைக்கணும்னா முன்னாடியே கேட்டுட்டு வைங்க. கேக்காம வச்சா, கடைக்கு வந்தவங்ககிட்ட நீங்க கை நீட்டுறதாத் தோணும்.

3. உரிமம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நேரடி இசை வைக்கற கடை, உள்ளூர் மன்றத்துக்கிட்ட கேளிக்கை உரிமம் எடுத்திருக்கணும். ஜொகூர் பாருன்னா எம்பிஜேபி, இஸ்கண்டார் புத்ரின்னா எம்பிஐபி, பாசிர் கூடாங்னா எம்பிபிஜி. எடுக்கறது கடைக்காரர் பொறுப்பு. ஆனா சோதனைக்கு ஆள் வந்தா, பாதிப் பாட்டுல மைக்கைக் கீழ வைக்கப் போறது நீங்க. கடைக்கு வெளியே நடைபாதையில பாடலாம்னு யாராவது சொன்னா, மன்றத்துல விசாரிக்காம தலையாட்டாதீங்க.

4. அடுத்தவங்க பாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நீங்க பாடுறது எல்லாம் இன்னொருத்தர் மெட்டு, இன்னொருத்தர் வரி. மலேசியாவில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமையைப் பார்த்துக்கறது எம்ஏசிபி. 1989-ல இருந்து இருக்கற அமைப்பு. பொது இடத்துல பாட்டு ஒலிக்கறதுக்கான அனுமதியைக் கடை நடத்துறவங்கதான் எடுக்கணும். "சின்னக் கடைதானே, யாரு கேக்கப் போறாங்க"ன்னு நினைக்காதீங்க. 2017-ல அமெரிக்காவில் கச்சேரி பண்ணிக்கிட்டிருந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜா தரப்புல இருந்து வக்கீல் நோட்டீஸ் போச்சு. பாடினவருக்கே அந்த நிலைமை. அதனால கடைக்காரர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. பாடினதை வீடியோவாப் போடுறது தனி விவகாரம். சத்தம் முடக்கப்பட்டா அழாதீங்க.

5. சிங்கப்பூர் நண்பரை மேடையேத்தாதீங்க. "ஒரே ஒரு பாட்டு, ப்ளீஸ்"னு பாலம் தாண்டி வந்த சிநேகிதர் கேப்பார். வெளிநாட்டுக் கலைஞர் இங்க நிகழ்ச்சி பண்ண புஸ்பால் குழுவோட அனுமதி வேணும். உங்க பாசத்துக்குக் கடைக்காரர் அபராதம் கட்டக் கூடாது.

6. தேதியைக் காலண்டர் பார்த்து ஒத்துக்கோங்க. இங்கதான் நிறையப் பேர் சறுக்குறது.

- 2014-ல இருந்து ஜொகூர்ல நமக்கு வெள்ளி, சனி லீவா இருந்துச்சு. 2025 ஜனவரி 1-ல இருந்து மறுபடி சனி, ஞாயிறு ஆயிடுச்சு. பழைய பழக்கத்துல வெள்ளி பகல்ல சவுண்ட் செக் வரேன்னு வாக்குக் கொடுத்துட்டு முதலாளிகிட்ட லீவுக்குக் கெஞ்சாதீங்க. ஞாயிறு ராத்திரி கூட்டம் சீக்கிரம் கலையும், மறுநாள் எல்லாருக்கும் வேலை.
- ரெண்டு பேர்ல ஒருத்தருக்குச் சிங்கப்பூர்ல வேலைன்னா, வெள்ளி ராத்திரி வேண்டவே வேண்டாம். காஸ்வே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. சனிக்கிழமையை வாங்குங்க.
- சீனப் புத்தாண்டு மாசத்துல சிங்கே ஊர்வலம் போற ராத்திரி, டவுன்ல ரோடு அடைப்பு. ஸ்பீக்கரைத் தலையில தூக்கிட்டு நடக்கத் தயாரா? இல்லைன்னா அன்னைக்கு டவுன் பக்கம் ஒத்துக்காதீங்க.
- ரமலான் மாசத்துல பல கடைங்க நேரடி இசையை நிறுத்திடும். அந்த மாசத்தைப் புதுப் பாட்டுப் பழக ஒதுக்கிடுங்க. தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல தமிழ்ப் பாட்டுக்குக் கிராக்கி ஏறும். ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு வைங்க.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது

7. கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதுங்க. ஒரு செட் 45 நிமிஷம். ஒரு பாட்டுக்கு நாலு நிமிஷம் வச்சா பதினொண்ணு. ரெண்டு செட்டுக்கு இருபத்திரண்டு, கையில ரெண்டு உபரி. அவ்வளவுதான். அம்பது பாட்டு அரைகுறையாத் தெரிஞ்சு வச்சுக்கறதைவிட இருபத்திநாலு பாட்டைக் கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கறது மேல். மாசத்துக்கு ரெண்டு புதுசு சேருங்க, ரெண்டைக் கழட்டுங்க. வேலைக்குப் போற ஆளுங்களுக்கு இதுக்கு மேல முடியாது, பேராசைப்படாதீங்க.

8. இடையிசையை வெட்டுங்க, தயங்காம வெட்டுங்க. சினிமாப் பாட்டுல வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் வர்ற இடத்துல நீங்க வெறும் கார்டை மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டிருந்தா, அந்த நேரத்துல எல்லாரும் போனை எடுத்துடுவாங்க. முதல் இடையிசையை நாலு பாருக்குக் குறைங்க. ரெண்டாவதைத் தூக்கிடுங்க. பல்லவி, சரணம், பல்லவி, சரணம், பல்லவின்னு மூணு நிமிஷத்துல முடிச்சாலும் யாரும் குறை சொல்ல மாட்டாங்க.

9. கிட்டாரே பேசுற பாட்டுல வம்பு பண்ணாதீங்க. 1982-ல வந்த 'இளைய நிலா'வை எல்லாரும் ஆசையா எடுப்பாங்க. அந்தக் கிட்டார் கோர்வை கேக்கறவங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு சுரம் பிசகினாலும் பக்கத்து மேசை மாமா முகம் சுளிப்பார். அச்சு அசலா வாசிக்க முடியும்னா எடுங்க. இல்லைன்னா பாட்டோட சாயலையே மாத்திடுங்க: வேகத்தைக் குறைச்சு, பெண் குரல்ல, வேற தாளத்துல. நம்ம நாட்டு யோகி பி அண்ட் நட்சத்ராவைப் பாருங்க. 1980-ல 'நிழல்கள்' படத்துல வந்த பாட்டை 2006-ல ராப்பா மாத்தினாங்க, தமிழ்நாடு வரைக்கும் போச்சு. அசல் போலவே பாடப் பார்த்து அரையும் குறையுமா நிக்கறதுதான் மோசம்.

10. மேசையைப் பார்த்து மொழியைக் கலக்குங்க. ஜொகூர்ல ஒரு கடைக்குள்ள தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் சிங்கப்பூர்க்காரரும் ஒண்ணா உட்கார்ந்திருப்பாங்க. தமிழ் மட்டும்னு பிடிவாதம் பிடிச்சா பாதிக் கடை முகத்தைத் திருப்பிக்கும். செட்டுக்கு ஏழு தமிழ், மூணு மலாய், ஒண்ணு மத்த மொழின்னு ஆரம்பிங்க. லிட்டில் இந்தியா பக்கம்னா தமிழைக் கூட்டுங்க, மவுண்ட் ஆஸ்டின்னா குறைங்க. நாம மலாய்ப் பாட்டுப் பாடினா எடுபடுமான்னு கேக்காதீங்க. பினாங்கு அண்ணன் தம்பி டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அலிகேட்ஸ்னு குழு வச்சு மலாய்ப் பாட்டுல இந்த நாட்டையே கட்டிப் போட்டவங்க. அவங்களோட 'ஹிங்கா ஆகிர் நந்தி'யை எடுத்தா எந்த மேசையும் கூடவே முணுமுணுக்கும். சீனப் பாட்டுல தெரேசா தெங் பாடினதுல ஒண்ணு போதும். ஆனா உச்சரிப்பைத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டித் திருத்தின பிறகுதான் மேடை. தப்பான உச்சரிப்புல பாடுறதுக்குப் பாடாமலே இருக்கலாம்.

11. நேயர் விருப்பத்துக்கு ஒரு பதில் தயாரா வைங்க. யாரோ சீட்டு எழுதிக் கொடுப்பாங்க, உங்களுக்குத் தெரியாத பாட்டா இருக்கும். இணையத்துல வரியைத் தேடிக்கிட்டுத் தட்டுத் தடுமாறிப் பாடவே கூடாது. "அந்தப் பாட்டு அடுத்த வாட்டி கண்டிப்பா, இப்போ அதே படத்துல இருந்து இன்னொண்ணு"ன்னு சொல்லித் திருப்பி விடுங்க. அதுக்காகவே அந்த ரெண்டு உபரிப் பாட்டு.

சுருதி விஷயத்துல

12. அசல் சுருதியைக் கட்டிக்கிட்டு அழாதீங்க. உடம்புக்கு ஏத்த மாதிரிதான் ரவிக்கை தைக்கணும், குரலுக்கு ஏத்த மாதிரிதான் சுருதி வைக்கணும். பொதுவா ஆண்களுக்கு ஒரு கட்டையை ஒட்டியும், பெண்களுக்கு அஞ்சு கட்டையை ஒட்டியும் சௌகரியமா இருக்கும். எஸ்பிபி பாடினதைத் தங்கச்சி தனியாப் பாடணும்னா அவளுக்கு ஏத்த இடத்துக்கு ஏத்துங்க. அடிக் குரல்ல முனகினா ஸ்பீக்கர்ல ஒண்ணும் கேக்காது.

13. கேப்போதான் குறுக்கு வழி. ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைக் கட்டை. மூணுல இருந்து நாலுக்கும், ஏழுல இருந்து மேல் ஒண்ணுக்கும் மட்டும் ஒரே ஃப்ரெட்ல ஒரு முழுக் கட்டை தாண்டிடும். சி வடிவத்துல ரெண்டாவது ஃப்ரெட்ல போட்டா ரெண்டு கட்டை. ஜி வடிவத்துல அதே ஃப்ரெட்ல போட்டா ஆறு கட்டை. ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டினா சத்தம் மெலிஞ்சு கீச்சுனு போயிடும், அப்போ கார்டு வடிவத்தை மாத்துங்க. பட்டியல்ல ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்துலயும் கேப்போ எண்ணைப் பெருசா எழுதி வைங்க. பாட்டு நடுவுல யோசிக்க நேரம் கிடையாது.

14. ரெண்டு பேரும் எல்லா வரியையும் சேர்ந்து பாடாதீங்க. அது பள்ளிக்கூடத்துக் கூட்டுப் பாட்டா ஆயிடும். சரணத்தைப் பிரிச்சுக்கோங்க. ஒருத்தர் பாடுறப்போ மத்தவர் ஹம்மிங் மட்டும். கடைசிப் பல்லவியில சேர்ந்தா அதுக்கு ஒரு எடுப்பு இருக்கும். 'முன்பே வா', 'வளையோசை' மாதிரி டூயட்டுக்குன்னே போட்ட மெட்டுங்கள்ல இந்தப் பிரிப்பை இசையமைப்பாளரே செஞ்சு வச்சிருக்கார். அதை முதல்ல பழகுங்க.

சாமான் செட்டு

15. கிட்டாரைக் கார்ல விட்டுட்டு ஷாப்பிங் போகாதீங்க. வெயில்ல நிக்கற காருக்குள்ள சூடு 50 டிகிரியைத் தாண்டும். பசை இளகிக் கம்பியைத் தாங்குற பாலமே பேந்து வரும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்குக் கம்பி சீக்கிரம் துருப் பிடிக்கும். வாசிச்சதும் துணியால துடைங்க, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. பூச்சு போட்ட கம்பி விலை கூடத்தான், ஆனா கூடுதல் நாள் வரும்.

16. ஏர்கான்ல இருந்து வெளியே வந்ததும் சுருதி சேர்க்காதீங்க. பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் அப்படியே வைங்க. மரமும் கம்பியும் அந்தக் காத்துக்குப் பழகட்டும். இல்லைன்னா ரெண்டாவது பாட்டுலயே இறங்கிடும்.

17. ஒரு பை, எப்பவும் தயாரா. ராத்திரி பதறிக்கிட்டுத் தேடாம இருக்க, இதையெல்லாம் நிரந்தரமா ஒரே பையில போட்டு வைங்க:

- ஒரு முழு செட் கம்பி, முதல் கம்பி மட்டும் கூடுதலா ரெண்டு
- கம்பி வெட்டுற குறடு, ட்யூனர், கேப்போ, பிக் அஞ்சாறு
- 9 வோல்ட் பேட்டரி ரெண்டு
- கிட்டார் கேபிள் ரெண்டு, மைக் கேபிள் ரெண்டு
- மூணு பின் எக்ஸ்டென்ஷன், நீளமா
- ஒயரைத் தரையில ஒட்ட டேப்பு. பரிமாறுற பையன் தட்டோட விழுந்தா அந்தக் காசு உங்க சம்பளத்துலதான் போகும்
- பட்டியலோட காகிதப் பிரதி ரெண்டு. போன் அணைஞ்சா என்ன பண்ணுவீங்க?

18. பேட்டரி செத்துப் போறதுக்கு நீங்கதான் காரணம். பிக்கப் வச்ச கிட்டார்ல கேபிள் சொருகியிருக்கற வரைக்கும் பேட்டரி தீர்ந்துக்கிட்டே இருக்கும். இடைவேளையில கேபிளைக் கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி சத்தத்தைக் குறைங்க, "டப்"புனு வெடிக்கக் கூடாது.

19. மைக் கூவுதா? குமிழைத் திருகாதீங்க, இடத்தை மாத்துங்க. ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னாடி, கூட்டத்தைப் பார்த்து நிக்கணும். மைக் அதுக்குப் பின்னாடி. தலையில வலை இருக்கற எஸ்எம்58 மாதிரி மைக்கை, வலையோட சேர்த்துக் கையால பொத்திப் பிடிக்காதீங்க. படத்துல ராப் பாடுறவங்க அப்படிப் பிடிக்கறதைப் பார்த்துட்டுச் செய்யறீங்க, அதுதான் கூவுது. கிட்டார் கூவினா ஓட்டையை ரப்பர் மூடியால அடைங்க. ஸ்பீக்கரைக் கடைசியில போடுங்க, முதல்ல அணைங்க. வெளி மேசைன்னா எக்ஸ்டென்ஷனைத் தரையில விடாதீங்க. மழை சொல்லிட்டு வராது, ஒயர்ல ஓடுறது மின்சாரம்.

பாடும்போது

20. சத்தத்தைக் கடைக்காரர் காதால கேளுங்க. பட்டியல்ல முதல் பாட்டு ஓடுறப்போ ஒருத்தர் கடைசி மேசை வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க. அங்க ரெண்டு பேர் கத்தாம பேச முடியலைன்னா சத்தம் அதிகம். கவுண்டர்ல ஆர்டர் கேக்கலைன்னா இன்னும் அதிகம். "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க"ன்னு தவுக்கே வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

21. பாங்கு ஒலிக்கற நேரத்துல பாடாதீங்க. பக்கத்துல பள்ளிவாசலோ சூராவோ இருக்கும். பாட்டு நடுவுல கேட்டாலும் அந்தப் பல்லவியோட முடிச்சு நிறுத்துங்க. இங்க மஃரிப் ஏழு மணிக்கு முன்னப் பின்ன, இஷா சுமாரா எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவுல. அன்னைக்கு நேரத்தைப் போன்ல பார்த்துக்கோங்க. இதுக்குச் சுலபமான வழி: முதல் செட்டை 8.45-க்கு ஆரம்பிங்க. 9.30-க்கு இடைவேளை, 9.45-ல இருந்து 10.30 வரைக்கும் ரெண்டாவது. எந்தச் சங்கடமும் இல்லை, சாப்பாட்டுக் கூட்டமும் அப்போதான் இருக்கும்.

22. பேச்சைக் குறைங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் படம், வருஷம், இசையமைப்பாளர், உங்க சின்ன வயசு ஞாபகம்னு சொற்பொழிவு வேண்டாம். மூணு பாட்டுக்கு ஒரு தடவை ரெண்டு வரி. "தொண்டை சரியில்லை, மன்னிச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. நீங்க சொல்லலைன்னா பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

23. தப்பு வந்தா முகத்துல காட்டாதீங்க. வரி மறந்தா ஹம்மிங். கார்டு தப்பினா அடுத்த கார்டு. நிறுத்தி மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கறதுதான் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

ரெண்டு பேருக்குள்ள

24. காசைச் சரி பாதியாப் பிரிங்க. முதல்ல பெட்ரோல், டோல், கம்பிச் செலவைக் கழிங்க, மீதி பாதிப் பாதி. "நான்தான் பாடுறேன், எனக்குக் கூட"ன்னு ஒரு தடவை பேச்சு வந்தா, அந்த ஜோடி அடுத்த தீபாவளியைப் பார்க்காது.

25. மேடையில சண்டை போடாதீங்க. யார் எண்ணி ஆரம்பிக்கறது, முடிக்கறதுக்கு என்ன சைகை, ரெண்டையும் வீட்டுலயே பேசி வைங்க. தப்பைப் பத்திப் பேச மறுநாள் இருக்கு. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா மத்தவர் தனியாச் சமாளிக்க எட்டுப் பாட்டு கையில இருக்கணும். முடியாதுன்னா அன்னைக்குக் காலையிலேயே கடைக்காரருக்குச் சொல்லிடுங்க, சாயங்காலம் வரைக்கும் இழுக்காதீங்க.

26. பழகுறதுக்கு நேரம் இல்லைன்னு சொல்லாதீங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தாப் போதும். அதுலயும் முழுப் பாட்டையும் பாடாதீங்க. ஆரம்பம், முடிவு, சரணத்துக்குள்ள போற இடம், இந்த மூணை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்க. தடுமாறுறது எல்லாம் அந்த மூணு இடத்துலதான்.

27. கிளம்புறதுக்கு முன்னாடி கவுண்டருக்குப் போங்க. ஒயரைச் சுருட்டி, நாற்காலியை எடுத்த இடத்துல வச்சுட்டு, காசை எண்ணி வாங்கினதும் நன்றி சொல்லிட்டு ஓடிடாதீங்க. "அடுத்த மாசம் எந்தச் சனிக்கிழமை அண்ணே?"ன்னு அங்கேயே நின்னு கேளுங்க. நாளைக்குப் போன் பண்ணிக் கேக்கலாம்னு விட்டா, அந்தச் சனிக்கிழமையை வேற ஜோடி எடுத்துக்கும்.